மார்ச் மாதத்தில் காஷ்மீர் பள்ளத்தாக்கின் வானிலை எப்படி இருக்கும்?

கேள்வி இது: மார்ச் மூன்றாவது வாரத்தில் ஆறு நாள் குடும்பத்தோடு காஷ்மீர் போகிறீர்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெற்றோரும் ஏழு வயதுக் குழந்தையும் உடன் வருகிறார்கள். பனியும் பார்க்க வேண்டும், துலிப் தோட்டமும் பார்க்க வேண்டும். வசந்தம் தொடங்கிவிடுவதால் குளிர் குறைந்திருக்கும்தானே?

குளிர் குறைந்திருக்கும். ஆனால் நீங்கள் யோசிக்க வேண்டியது குளிரைப் பற்றி அல்ல, மழையைப் பற்றி. மார்ச்சில் காஷ்மீர் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்வெட்டரை அள்ளிக்கொண்டு போகிறார்கள், ரெயின்கோட்டை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கே போய் ஈரக் காலணியோடு நடுங்குகிறார்கள்.

நமக்கு மாசி, பங்குனி என்றால் வறண்ட வானம். சென்னையில் மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்தாலே அது செய்தி. காஷ்மீர் பள்ளத்தாக்கில் கணக்கு தலைகீழ். தெற்கிலும் மேற்கிலும் பீர் பஞ்சால் மலைத்தொடர் நான்காயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழை உள்ளே வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஸ்ரீநகரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாதத்துக்கு அறுபது, எழுபது மி.மீ. அளவில்தான் பெய்யும். மார்ச்சிலோ சராசரியாக 100 முதல் 120 மி.மீ. ஆண்டு முழுவதும் அங்கே பெய்வது சுமார் 700 மி.மீ. என்பதால், ஆண்டு மழையில் ஆறில் ஒரு பங்கு இந்த ஒரே மாதத்தில் கொட்டுகிறது. மார்ச்தான் பள்ளத்தாக்கின் மழைக்காலத்தின் உச்சம்.

இந்த மழையைக் கொண்டுவருவது வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் எனப்படும் மேற்கத்திய கலக்கம். மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகும் தாழ்வுநிலை, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மேல்வானத்து ஜெட் காற்றோடு கிழக்கே நகர்ந்து வந்து இமயமலையில் முட்டுகிறது. ஈரக்காற்று மலையேறும்போது குளிர்ந்து மழையாகவும் பனியாகவும் இறங்குகிறது. மார்ச்சில் நான்கைந்து கலக்கங்கள் வருவது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து மூன்று நாள் நீடிக்கும். நடுவில் மூன்று முதல் ஐந்து நாள் வெயில் கிடைக்கும். ஆறு நாள் பயணம் என்றால் அதில் ஒன்றிரண்டு நாள் நனையும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். முழுதும் வெயிலாக அமைந்தால் லாபம்.

மழையின் குணமும் வேறு. நம் ஊர்போல இடித்துப் பெய்து ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடாது. தூறலுக்கும் நடுத்தர மழைக்கும் இடையே, காலையில் பிடித்தால் ராத்திரிவரை நசநசவென்று விழும். ஒரு நாளில் இருபது மி.மீ. பெய்தாலும் அது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பரவி விழுகிறது. வெப்பநிலையோ அப்போது 6 முதல் 9 டிகிரி. இந்தக் குளிர்மழையில் நனைந்த ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது.

ஒரு கலக்கம் வருவதை ஊருக்குள் இருந்தே கண்டுபிடிக்கலாம். முந்தைய நாள் மதியம் வழக்கத்தைவிட இதமாக, 18 அல்லது 20 டிகிரி வரைகூட இருக்கும். மேற்கு வானில் மெல்லிய நூல் மேகம் படரும்; சூரியனைச் சுற்றி வளையம் தெரியும். அன்று இரவு குளிர் குறையும், ஏனென்றால் மேகம் தரையின் வெப்பத்தை வெளியேற விடாது. “அடடா, குளிர் போய்விட்டது” என்று எல்லாரும் சொல்லும் அந்த இரவுக்கு மறுநாள்தான் மழை. மழை நாளில் குறைந்தபட்சம் 5, அதிகபட்சம் 9 என்று பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கலக்கம் கடந்து வானம் வெளுத்த முதல் விடியலில்தான் குளிர் உச்சம்: ஸ்ரீநகரில் 1 அல்லது 2 டிகிரி, மாதத் தொடக்கமென்றால் பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். ஆனால் அதே நாள் மதியம் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிவரும். பகலுக்கும் இரவுக்கும் இடையே பதினான்கு, பதினைந்து டிகிரி வித்தியாசம் வருவது இந்தத் தெளிந்த நாட்களில்தான்.

சராசரி எண்களைச் சொல்கிறேன், ஆனால் அவற்றை மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரம். மார்ச் மாதச் சராசரி அதிகபட்சம் 14 முதல் 16 டிகிரி, குறைந்தபட்சம் 3 முதல் 5. பஹல்காம் 2,100 மீட்டருக்கு மேலே. பகலில் 10, 11, இரவில் பூஜ்யத்தை ஒட்டி. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர்; பகலில் 3 முதல் 6, இரவில் மைனஸ் 4, 5. சோனாமார்க்கும் ஏறக்குறைய அதே உயரம், அதே குளிர். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறிலிருந்து ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், ஸ்ரீநகர் எண்ணை வைத்தே மற்ற இடங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். இதே யூனியன் பிரதேசத்தின் ஜம்மு நகரம் சுமார் முந்நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்ச்சில் பகலில் 25 டிகிரியைத் தொடும். ஜம்முவின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு “காஷ்மீர் இதமாக இருக்கிறது” என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

மாதத்தின் எந்தப் பகுதி என்பது உயரத்துக்கு இணையாக முக்கியம். காஷ்மீரிகளின் குளிர்காலக் கணக்கில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லை கலான், அடுத்த இருபது நாள் சில்லை குர்த், அதற்கடுத்த பத்து நாள் சில்லை பச்சா. மார்ச் பிறக்கும்போது இந்த எழுபது நாளும் முடிந்துவிடுகின்றன. ஆனால் முதல் பத்து நாளில் கண்ணுக்குத் தெரிவது குளிர்காலத்தின் மிச்சம்தான். சினார் மரங்கள் மொட்டையாக நிற்கும். பாப்லர் வரிசைகள் வெறும் குச்சி. புல்வெளிகள் பழுப்பு. முகலாயர் தோட்டங்களான நிஷாத், ஷாலிமாரில் பூவும் இராது, பல நேரம் நீரூற்றும் ஓடாது. சுற்றுலா விளம்பரங்களில் பார்க்கும் பச்சைக் காஷ்மீர் ஏப்ரல் பாதிக்குப் பிறகு வருவது. இதைச் சொல்லாமல் மார்ச் முதல் வாரத்துக்குப் பயணம் விற்கிற ஏஜென்டுகள் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

மார்ச் 10 தாண்டியதும் மாற்றம் தொடங்கும். ஹரி பர்பத் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பாதாம்வாரித் தோட்டத்தில் பாதாம் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே வெளிர் இளஞ்சிவப்பாகப் பூத்துவிடும். காஷ்மீர் வசந்தத்தின் முதல் பூ இதுதான். உங்கள் மூன்றாவது வாரப் பயணத்தில் பெரும்பாலும் உறுதியாகக் கிடைக்கக்கூடியதும் இதுதான்; இருந்தும் பலர் திட்டத்தில் சேர்ப்பதில்லை. ஒரு கனமழை அடித்தால் பூ பாதியும் உதிர்ந்துவிடும் என்பதால், ஊர் சேர்ந்ததும் முதல் வெயில் நேரத்திலேயே அங்கே போய்விடுங்கள். மார்ச் கடைசியில் கடுகு வயல்கள் மஞ்சளாகத் தொடங்கும். நெடுஞ்சாலையோரம் புல்வாமா, அனந்த்நாக் பக்கம் அது ஏப்ரல் பாதிவரை நீடிக்கும்.

துலிப் விஷயத்துக்கு வருவோம். ஜபர்வான் மலையடிவாரத்தில் தால் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம் எந்தத் தேதியில் திறக்கும் என்பதை வானிலைதான் தீர்மானிக்கிறது. 2022-ல் மார்ச் 23, 2023-ல் மார்ச் 19, 2024-ல் மார்ச் 23, 2025-ல் மார்ச் 26. திறப்புத் தேதி சில நாள் முன்னதாகத்தான் அறிவிக்கப்படும். திறந்த அன்றே தோட்டம் முழுக்கப் பூத்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று மூன்று வகைக் கிழங்குகளைக் கலந்து நட்டிருப்பதால் வரிசை வரிசையாகப் பூக்கும். முதல் சில நாளில் கால்வாசிப் பாத்திகள்தான் நிறம் காட்டும். முழு அழகு ஏப்ரல் முதல் பத்து நாளில்.

துலிப் பூவின் ஆயுளைக் குறைப்பவை இரண்டு. பகல் வெப்பம் தொடர்ந்து இருபது டிகிரியைத் தாண்டினால் மொட்டு சீக்கிரம் விரிந்து, இதழ் தளர்ந்து உதிர்ந்துவிடும். ஆலங்கட்டி மழையோ பலத்த காற்றோ அடித்தால் தண்டு முறியும், இதழ் கிழியும். மிதமான குளிரும் மேகமூட்டமும் இருந்தால் தோட்டம் நான்கு வாரம்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே மேகமூட்டமான நாளில் துலிப் தோட்டம் போக நேர்ந்தால் வருத்தப்பட வேண்டாம்; பூவுக்கு அது நல்லது, படத்துக்கும் நல்லது.

உங்கள் தேதி மார்ச் 15 முதல் 21 என்றால், துலிப் கிடைக்காமல் போகும் வாய்ப்பே அதிகம். தேதியை மார்ச் 27 – ஏப்ரல் 2 என்று பன்னிரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தால், துலிப்பும் கிடைக்கும், குல்மார்க்கில் ரோப்கார் ஏறினால் பனியும் கிடைக்கும். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு ஆண்டில் இருக்கும் ஜன்னல், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பத்து நாள்வரை, ஏறக்குறைய பதினைந்து நாள்தான். தள்ள முடியாது என்றால் பாதாமையும் பனியையும் மையமாக வைத்துத் திட்டம் போடுங்கள், துலிப்பை மறந்துவிடுங்கள்.

பனி பற்றி. ஸ்ரீநகர் நகருக்குள் மார்ச்சில் பனி விழுவது சில ஆண்டுகளில் நடக்கும். விழுந்தாலும் ஒரு நாளில் கரைந்துவிடும். நகரில் மழை பெய்கிறது என்றால் குல்மார்க்கிலும் சோனாமார்க்கிலும் அது பெரும்பாலும் பனி. பஹல்காமில் இரண்டும் கலந்து, சொதசொதவென்று விழும். அதனால் ஒரு எளிய விதி: ஸ்ரீநகரில் மழை விட்டு வானம் வெளுத்த மறுநாள்தான் குல்மார்க்குக்கு மிகச் சிறந்த நாள். புதுப்பனி, நீலவானம், தெளிவான மலைக்காட்சி மூன்றும் சேர்ந்து கிடைக்கும். ஏஜென்ட் கொடுத்த அட்டவணையில் “மூன்றாம் நாள் குல்மார்க்” என்று அச்சிட்டிருக்கிறதே என்று மழையிலேயே கிளம்பிப் போகாதீர்கள். பனிமூட்டத்தில் ரோப்காரில் ஏறினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர், டங்மார்க்கிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் காட்டுப் பாதை. புதுப்பனி விழுந்த நாளில் சங்கிலி கட்டிய வண்டியையோ நான்கு சக்கர இயக்க வண்டியையோதான் அதற்கு மேல் விடுவார்கள். உங்கள் டெம்போ டிராவலர் டங்மார்க்கிலேயே நிற்கும். வேறு வண்டிக்குத் தனிக் காசு. இதை முன்கூட்டியே ஓட்டுநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கொண்டோலா ரோப்காரில் முதல் கட்டம் கோங்டூரிவரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத்தோள்வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். மேலே காற்று பலமானால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மார்ச்சில் அது அடிக்கடி நடக்கும், குறிப்பாக மதியத்துக்கு மேல். காலை முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுப்பது நல்லது.

பெற்றோரைப் பற்றி ஒன்று. அஃபர்வட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ரோப்கார் உங்களைச் சுமார் அரைமணி நேரத்தில் ஆயிரத்து முந்நூறு மீட்டர் தூக்கிவிடுகிறது. உடம்பு பழகிக்கொள்ள நேரமே கிடையாது. இதயக் கோளாறு, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் கோங்டூரியோடு நின்றுவிடட்டும். அங்கேயே பனி போதுமான அளவு இருக்கும். மார்ச் முழுவதும், பல ஆண்டுகளில் ஏப்ரலிலும்கூட. கீழே குல்மார்க் கிண்ணப் புல்வெளியில்தான் மாதக் கடைசியில் பனி திட்டுத்திட்டாகிச் சேறு கலந்துவிடும்.

மார்ச் பனிக்கு நேரக் கணக்கு உண்டு. இரவில் இறுகியிருக்கும், காலை ஒன்பது மணிக்குக் கால் வைத்தால் நறுக்கென்று சத்தம் கேட்கும்; பதினொன்றுக்கு மேல் வெயிலில் இளகி, முழங்கால்வரை புதையும். குழந்தையை ஸ்லெட்ஜில் ஏற்றுவது, பனியில் விளையாட விடுவது எல்லாம் காலையிலேயே முடியட்டும். சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்து கூடுவதும் கனத்த பனி விழுந்த அடுத்த ஒன்றிரண்டு நாளிலும், வெயிலேறிய பிற்பகலிலும்தான். மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகும். அது இருக்கும் நாளில் குதிரைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வழக்கமான பாதையை விட்டு விலகிச் செல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இராது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச்சில் இந்தியா முழுவதும், பதிவுகள் தொடங்கிய 1901-க்குப் பிறகு அதுவரை கண்டிராத வெப்பம். காஷ்மீரிலும் அந்த மார்ச் வறண்டு, பூக்கள் முந்திக்கொண்டன. 2025-ல் பனிப்பற்றாக்குறையால் குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே மார்ச் 9–12-க்குத் தள்ளிப்போயின. பிப்ரவரிக் கடைசியில் பனி விழுந்த பிறகுதான் நடத்த முடிந்தது. அதே பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் புகழ்பெற்ற அச்சபல் ஊற்று வற்றியது. டிசம்பர், ஜனவரிப் பனி அடுக்கடுக்காக இறுகி, கோடைவரை மெல்லக் கரைந்து ஊற்றுக்கும் ஆற்றுக்கும் நீர் கொடுக்கும். மார்ச்சில் விழும் பனிக்கு இறுக நேரமில்லை. வெயில் ஏற ஏறச் சில வாரங்களில் ஓடிவிடும். மார்ச்சில் பனி நிறையப் பார்த்தோம் என்று நாம் மகிழ்ந்தாலும், குளிர்கால நடுவில் பனி பொய்த்த ஆண்டில் அங்குள்ள விவசாயிக்கு அது முழு ஈடு ஆகாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2015 மார்ச் கடைசியில் விடாமல் பெய்த மழையில் ஜீலம் ஆறு அபாய அளவைத் தாண்டி, முந்தைய செப்டம்பர் வெள்ளத்திலிருந்து மீளாத பள்ளத்தாக்கு மீண்டும் வெள்ள எச்சரிக்கைக்குள் போனது. பட்காம் மாவட்டத்தில் மண்சரிவில் வீடுகள் புதைந்து உயிர்கள் போயின. மழையோடு இளகும் பனிநீரும் சேர்ந்துகொள்வதுதான் வசந்தகால வெள்ளத்தின் காரணம். செய்திகளில் சங்கம், ராம் முன்ஷி பாக் என்ற இரண்டு அளவுமானி இடங்களின் பெயர் அடிபடும். ஸ்ரீநகருக்கான ராம் முன்ஷி பாகில் 16 அடி எச்சரிக்கை, 18 அடி வெள்ள அறிவிப்பு. அதற்கு நாலைந்து அடி கீழே இருக்கும்வரை சுற்றுலாப் பயணி பதற வேண்டியதில்லை.

வெள்ளத்தைவிட உங்களுக்கு நேரடியாகத் தொல்லை தரக்கூடியது சாலை. ஜம்மு–ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை 44-ல், ரம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடைப்பட்ட பகுதிதான் பலவீனம். மலை நொறுங்கிய பாறையால் ஆனது. அகலப்படுத்த வெட்டிய சரிவு இன்னும் நிலைகொள்ளவில்லை. நாள் முழுக்க மழை பெய்தால் மண் சரியும், கல் உருளும், போக்குவரத்து சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள்வரை நிற்கும். சேனானி–நாஷ்ரி சுரங்கமும், காசிகுண்ட்–பனிஹால் சுரங்கமும் பனி அடைக்கும் உச்சிகளைத் தவிர்த்துவிட்டன. ஆனால் நடுவில் இருக்கும் ரம்பன் சரிவைத் தவிர்க்கவில்லை. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி ரயில் ஓடுவதால், ஜம்மு வழியாகப் போகிறவர்கள் மார்ச்சில் ரயிலையே எடுப்பது புத்திசாலித்தனம். சோனாமார்க்குக்கு 2025 ஜனவரியில் திறந்த ஸெட்-மோர் சுரங்கம் பனிக்காலத்திலும் வழிவிடுகிறது. அதற்கு அப்பால் லடாக் போகும் ஜோஜிலா கணவாய் 3,500 மீட்டருக்கு மேல். 2023-ல் மார்ச் 16-லும் 2025-ல் ஏப்ரல் 1-லும் திறந்தார்கள். மார்ச் பயணத்தில் கார்கிலைச் சேர்க்கவே வேண்டாம். குரேஸ் போகும் ராஸ்தான் கணவாய், முகல் சாலை, சிந்தன் டாப் ஆகியவையும் மார்ச்சில் பொதுவாக மூடித்தான் இருக்கும்.

விமானத்தைப் பொறுத்தவரை, ஜனவரியின் பனியடைப்பு மார்ச்சில் அரிது. கனமழை நாளில் தாழ்ந்த மேகத்தால் தாமதமும் சில ரத்துகளும் வரும். ஸ்ரீநகரிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தால் நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விடுங்கள்.

துணிமணி: பருத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, வெளியே நீர்புகாத, காற்றுத்தடுப்பு ஜாக்கெட். இந்த மூன்று அடுக்கில் காலை 2 டிகிரியையும் மதியம் 18 டிகிரியையும் கழற்றி மாட்டிச் சமாளிக்கலாம். ஒரே கனத்த கோட்டு மதியத்துக்குச் சுமை. காலுக்கு நீர்புகாத காலணி ஒன்று, ஈரமானால் மாற்ற இன்னொன்று. கம்பளிக் காலுறை ஆளுக்கு நான்கு ஜோடி. பனிக்கான கம்பூட்டும் கனத்த கோட்டும் டங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். போட்டுப் பார்க்கும்போது உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முந்தையவர் கால் ஈரத்தோடு அப்படியே கொடுத்துவிடுவது அங்கே சகஜம், அதைப் போட்டால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். பனியில் வெயில் இரட்டிப்பாக அடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் குழந்தைக்கும் கட்டாயம்.

அறை எடுக்கும்போது “ஹீட்டர் உண்டா” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வகை, எத்தனை மணி நேரம், மின்சாரம் போனால் என்ன என்று கேளுங்கள். மார்ச் பிறந்ததும் பல விடுதிகள் மைய வெப்ப அமைப்பை இரவில் சில மணி நேரத்துக்குக் குறைத்துவிடும். மின்போர்வை இருந்தால் படுப்பதற்கு அரைமணி முன்பே போட்டுவிட்டு, தூங்கும்போது மிகக் குறைந்த அளவில் வையுங்கள். படகு வீட்டில் ஈரக்குளிர் கூடுதலாகத் தெரியும். வயதானவர்களோடு ஒரு இரவுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம் இது: கேஸ் ஹீட்டர், புகாரி எனப்படும் விறகுக் கணப்பு, காங்ரி எனப்படும் கரி நெருப்புச் சட்டி எதையும் மூடிய அறையில் எரியவிட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காஷ்மீரில் குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக இதில் உயிர் போயிருக்கிறது. தூங்குமுன் அணைத்துவிடுங்கள், ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

அங்கே இதே மழையை முற்றிலும் வேறு கவலையோடு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் ஊர் இன்னும் புரியும். பாதாம் பூத்திருக்கும் வாரத்தில் மழை நீடித்தால் தேனீ பறக்காது. 12 டிகிரிக்குக் கீழே அது கூட்டை விட்டுக் கிளம்புவதே குறைவு. மகரந்தம் சேராவிட்டால் பூ எவ்வளவு இருந்தும் காய் பிடிக்காது. வானம் தெளிந்த இரவில் உறைபனி விழுந்தால் சூல் கருகும். மாதக் கடைசியில் ஆப்பிள் மொட்டுகள் பச்சை முனை காட்டும். அந்த நேரத்து ஈர இலையில்தான் ஸ்கேப் பூஞ்சை ஏறும் என்பதால் மழை விடும் இடைவெளி பார்த்து மருந்து தெளிக்க ஓடுவார்கள். ஷோபியான் பக்கம் போகும்போது தோட்டத்தில் தெளிப்பான் ஓடுவதைப் பார்த்தால், அடுத்த நாள் வெயில் என்று அந்தத் தோட்டக்காரர் கணித்திருக்கிறார் என்று பொருள்.

வானிலை அறிவிப்பை எப்படிப் பார்ப்பது? போனில் இருக்கும் செயலி காட்டும் பத்து நாள் கணிப்பில் முதல் மூன்று நாளை நம்பலாம், நான்காவது, ஐந்தாவது நாளை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பார்த்துப் பயப்படவோ மகிழவோ வேண்டாம். மலைப்பகுதியில் செயலி அடிக்கடி ஸ்ரீநகர் எண்ணையே சுற்றிலும் காட்டிவிடும். ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பைத் தினம் காலையும் மாலையும் பாருங்கள். “ஓரிரு இடங்களில் லேசான மழை அல்லது பனி” என்றால் பயணத்தை நிறுத்த வேண்டாம். “பெரும்பாலான இடங்களில் மிதமான மழை, சில இடங்களில் கனமழை” என்றால் அன்று ஸ்ரீநகருக்குள்ளேயே இருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது; குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும், இல்லையென்றால் இந்த அறிவிப்புகளே உங்களுக்கு வந்து சேராது.

ஆறு நாளை எப்படி அடுக்குவது என்றால், ஸ்ரீநகரில் குறைந்தது நான்கு இரவு ஒரே விடுதியில் தங்குங்கள். குல்மார்க், சோனாமார்க் இரண்டையும் அங்கிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமாக வையுங்கள். இரவு அறையை மாற்றாத வரைக்கும் நாட்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் உங்கள் கையில் இருக்கும். பஹல்காமில் ஒரே ஒரு இரவு போதும், அது பயணத்தின் நடுவில் வரட்டும். தெளிந்த முதல் நாள் குல்மார்க்குக்கு, அடுத்த தெளிந்த நாள் சோனாமார்க்குக்கு. மழை நாளுக்கென்று ஜாமியா மசூதி, ஸ்ரீ பிரதாப் சிங் (எஸ்.பி.எஸ்.) அருங்காட்சியகம், பழைய நகரத்துச் செம்புப் பாத்திரக் கடைகள், கம்பளம் நெய்யும் கூடங்கள் இருக்கின்றன. தால் ஏரியில் ஷிகாராப் படகைக் காலை எட்டு மணிக்கு எடுங்கள். மதியத்துக்கு மேல் மலைக்காற்று இறங்கினால் நீர் அலையடிக்கத் தொடங்கும், குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் குளிரும். மாத நடுவில் சூரியன் ஆறேமுக்கால் வாக்கில் உதித்து மாலை ஆறரைக்கு மேல்தான் மறைகிறது. தெளிந்த நாளில் காலை ஏழரைக்குக் கிளம்பினால் குல்மார்க் போய் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். திரும்பும் பாதையில் டங்மார்க் இறக்கத்தை மட்டும் மாலை ஐந்துக்குள் தாண்டிவிடுங்கள். பகலில் உருகி ஓடிய நீர், வெயில் இறங்கியதும் சாலையில் கண்ணாடிபோல் உறையத் தொடங்கிவிடும்.